உள்ளங்காலில் கறுப்புப் புள்ளி: மச்சமா, ரத்தக்கட்டா, புற்றுநோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

‘உள்ளங்கால்ல மச்சம் இருந்தா வெளிநாடு போவாங்க’ என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அப்படிச் சொல்லிச் சிரித்துவிட்டு நாம் கடந்துபோகும் புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை நிஜமாகவே ஒன்றும் செய்யாதவை. ஆனால் மிக அரிதாக, அதே இடத்தில், அதே நிறத்தில் ஒரு புற்றுநோயும் வரும். அதன் பெயர் மெலனோமா.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரைச் சுற்றி ஏரிப் பாசன நெல் வயல்கள் அதிகம். நடவும் களையெடுப்பும் வெறுங்காலில்தான் நடக்கும். முள் குத்துவது, கல்லில் இடித்துக்கொள்வது, நகம் பெயர்வது எல்லாம் இங்கே தினசரி சங்கதி. அதனால் காலில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால், ‘எங்கேயாவது இடிச்சிருக்கும்’, ‘முள்ளு உள்ளேயே நின்னுடுச்சு’, ‘அது ஆணி’ என்று ஒரு காரணம் கையிலேயே இருக்கும். அந்தக் காரணம் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாமல் போகிற அபூர்வமான சமயத்தில்தான் மாதங்கள் வீணாகின்றன.

எது சாதாரணம், எது டாக்டரிடம் காட்ட வேண்டியது, எங்கே போக வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெலனோமா என்றால் என்ன?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. அதைத் தயாரிப்பவை மெலனோசைட் என்ற செல்கள். இந்த செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்து, அடக்கமாக இருந்தால் அது மச்சம். இதே செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகினால் அது மெலனோமா. தோல் புற்றுநோய்களில் உடலின் மற்ற பகுதிகளுக்கு வேகமாகப் பரவக்கூடிய வகை இது.

வெள்ளைத் தோல் உள்ள நாடுகளில் இந்த நோய் அதிகம். அங்கே முக்கியக் காரணம் வெயில். இந்தியாவில் இது அரிது. ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. நம் தோலில் உள்ள மெலனின் வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது.

இங்கேதான் ஒரு தவறான நிம்மதி வந்துவிடுகிறது. ‘கறுப்புத் தோலுக்குத் தோல் கேன்சர் வராது’ என்று நினைத்துக்கொள்கிறோம். வரும். ஆனால் முகத்திலோ முதுகிலோ அல்ல. பெரும்பாலும் வெயிலே படாத இடங்களில். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வரும் இந்த வகைக்கு ‘ஏக்ரல் மெலனோமா’ என்று பெயர். இந்தியர்களுக்கு வரும் தோல் மெலனோமாவில் கால் பாதம்தான் முக்கியமான இடம்.

அதாவது, நமக்கு வந்தால் நாம் தினமும் பார்க்காத இடத்தில்தான் வருகிறது. கண்ணாடியில் முகம் பார்க்கிற நாம் உள்ளங்காலை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்கிறோம்?

காலில் தெரியும் எல்லாக் கறுப்பும் ஆபத்தா?

இல்லவே இல்லை. ஆபத்தில்லாத கறுப்புகளின் பட்டியல்தான் நீளமானது.

• இயல்பான திட்டுகள்: மாநிறம், கறுப்பு நிறம் உள்ளவர்களுக்கு உள்ளங்காலில் வெளிறிய பழுப்புத் திட்டுகள் பல இருப்பது சகஜம். இரண்டு காலிலும் இருக்கும். வருஷக்கணக்கில் மாறாமல் இருக்கும்.

• மச்சம்: சின்னதாக, ஒரே நிறத்தில், ஓரம் ஒழுங்காக இருக்கும். சிறு வயதிலிருந்தே இருக்கலாம். இளம் வயதில் புதிதாகவும் வரலாம்.

• ரத்தக்கட்டு: இடித்தாலோ, இறுக்கமான ஷூ போட்டாலோ நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி, முதலில் செஞ்சிவப்பாகவும் பிறகு கறுப்பாகவும் தெரியும்.

• கறுப்புக் குதிகால்: கபடி, வாலிபால், கூடைப்பந்து என்று ஓடி, திடீரென நின்று திரும்பும் விளையாட்டுகளில் குதிகால் ஓரத்தில் தோலுக்குள் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்து காய்ந்துவிடும். 1961-ல் கூடைப்பந்து வீரர்களிடம் இதைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் முதலில் எழுதினார்கள். சில வாரங்களில் தானாகவே உதிர்ந்து போகும்.

• மரு: உள்ளங்காலில் வரும் மருவுக்குள் கடுகு மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை அடைபட்ட நுண்ணிய ரத்தக் குழாய்கள். பக்கவாட்டில் கிள்ளிப் பிடித்தால் வலிக்கும். தோலின் ரேகைகள் அந்த இடத்தில் அறுந்து போயிருக்கும்.

• கால் ஆணி: நேராக அழுத்தினால் வலிக்கும். பெரும்பாலும் மஞ்சள் கலந்த, கெட்டியான தோலாக இருக்கும்.

• கறுப்புப் படர்தாமரை: ஒருவகைக் கறுப்புப் பூஞ்சை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் பழுப்புக் கறை மாதிரி படரும். அரிப்பு கூட இருக்காது. தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே தெரிந்துவிடும். பூஞ்சைக்கான களிம்பில் சில வாரங்களில் போய்விடும்.

• முள், சாயம்: உள்ளே தங்கிய சீமைக்கருவேல முள், மருதாணிக் கறை, சேராங்கொட்டைப் பால் பட்ட தழும்பு ஆகியவையும் கறுப்பாகத் தெரியும்.

இந்தப் பட்டியலில் தமிழ்நாட்டின் பெயரையே சுமக்கும் ஒரு நோயும் உண்டு. 1842-ல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர், கால் வீங்கி, பல துளைகள் விழுந்து, அவற்றின் வழியே குருணை குருணையாகக் கசியும் ஒரு நோயைப் பதிவு செய்தார். அதனால்தான் உலகம் முழுக்க அதை ‘மதுரா ஃபுட்’ என்கிறார்கள். மண்ணில் உள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ முள் குத்திய காயம் வழியாக உள்ளே போய் வரும் நோய் அது. சில வகைகளில் அந்தக் குருணை கறுப்பாக இருக்கும். புற்றுநோய் இல்லை என்றாலும் அதற்கும் கட்டாயம் சிகிச்சை வேண்டும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

டாக்டர் ஆகாமலேயே நாம் கேட்கக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது: அந்தக் கறுப்பு நகர்கிறதா, நிற்கிறதா?

ரத்தக்கட்டு நகரும். ஏனென்றால் நகமும் தோலும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் வளரும். உள்ளே கட்டிய ரத்தம் நகத்தோடு சேர்ந்து முன்னால் தள்ளப்படும். ஒன்றிரண்டு மாதத்தில் நகத்தின் அடிப்பக்கம், அதாவது தோலிலிருந்து நகம் புறப்படும் இடத்தில், வெள்ளையாகப் புது நகம் தெரிய ஆரம்பிக்கும். கட்டை விரல் நகம் முழுசாக மாற ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ ஆகும். ஆனால் கறுப்பு முன்னால் நகர்வதை அதற்கு முன்பே கண்ணால் பார்த்துவிடலாம்.

மெலனோமா நகராது. நிறமி தயாரிக்கும் செல்கள் நகத்தின் வேரிலேயே உட்கார்ந்திருப்பதால், நகம் வளர வளரக் கறுப்பும் புதிதாக வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் வேரிலிருந்து நுனி வரை ஒரு கோடாகத் தெரியும்.

கோடு இருந்தாலே பயப்பட வேண்டாம். நம் நிறத்தவர்களுக்குப் பல விரல் நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இருப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது இவைதான்:

• ஒரே ஒரு நகத்தில் மட்டும் கோடு, அதுவும் கால் கட்டை விரலிலோ கைக் கட்டை விரலிலோ
• நடுத்தர வயதுக்குப் பிறகு புதிதாக வந்த கோடு
• 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலம். வேர்ப்பக்கம் அகலமாகிக்கொண்டே வருவது
• ஒரே கோட்டுக்குள் பல நிறங்கள், மங்கலான ஓரம்
• நகம் பிளப்பது, உடைவது, ரத்தம் கசிவது
• நகத்தைத் தாண்டி, பக்கத்துத் தோலிலும் கறுப்பு இறங்குவது

கடைசியாகச் சொன்னதற்கு ‘ஹட்சின்சன் அறிகுறி’ என்று பெயர். லண்டன் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் 1886-ல் இதை விவரித்தார். இதைப் பார்த்தால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

பாப் மார்லிக்கு என்ன ஆனது?

ஜமைக்காவின் இசைக்கலைஞர் பாப் மார்லிக்குக் கால்பந்து என்றால் உயிர். வலது கால் கட்டை விரலில் இருந்த காயத்தை விளையாட்டில் பட்ட அடி என்றே அவர் நினைத்தார். 1977-ல் பரிசோதித்தபோது, அது நகத்துக்கு அடியில் வந்த மெலனோமா என்று தெரிந்தது.

விரலை எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அவர் தன் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். நகத்தையும் அதன் அடிப்பகுதித் தோலையும் மட்டும் அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. 1980 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓடிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தார். அதற்குள் நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவியிருந்தது. 1981 மே 11-ம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 36.

உலகப் புகழ் பெற்ற ஒருவருக்கே ‘அடிபட்டது’ என்ற காரணம் கண்ணை மறைத்தது. வயலில் வேலை செய்து, தினமும் காலில் ஏதாவது குத்திக்கொள்பவருக்கு அது மறைக்காதா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். முள் குத்தியதால் மெலனோமா வரும் என்று நிரூபணம் ஆகவில்லை. பாதத்தில் எடை அதிகம் தாங்கும் இடங்களில் இது கூடுதலாக வருகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 2016-ல் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால் ‘அடிபட்டுச்சு’ என்பது ஞாபகத்தில் இருந்தால் அதையே காரணமாக நினைத்து விட்டுவிடுவோம். ஆபத்து அதில்தான் இருக்கிறது.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? வரப்பும் வாய்க்காலும்

தோல் மருத்துவரிடம் போனால் டார்ச் லைட் மாதிரி ஒரு சின்னக் கருவியைப் புள்ளியின் மேல் வைத்துப் பார்ப்பார். அதன் பெயர் டெர்மாஸ்கோப். வெளிச்சத்தோடு சுமார் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும். வலி கிடையாது, ஊசி கிடையாது.

அதில் என்ன தெரியும்? உள்ளங்காலில் கைரேகை மாதிரியே ரேகைகள் ஓடுகின்றன. மேடாக ஒரு கோடு, பள்ளமாக ஒரு கோடு என்று மாறி மாறி இருக்கும். நெல் வயல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபம்: மேடு என்பது வரப்பு, பள்ளம் என்பது வாய்க்கால். வரப்பின் மேல் வரிசையாக வியர்வைத் துளைகள் இருக்கும்.

சாதாரண மச்சத்தில் நிறம் வாய்க்காலில் ஓடும். மெலனோமாவில் நிறம் வரப்பின் மேல் ஏறி நிற்கும்.

இதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் தொஷியாக்கி சாய்தா. அங்கே பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மெலனோமாக்களில் 86 சதவீதத்தில் இந்த ‘வரப்பு’ அமைப்பு தெரிந்தது. மெலனோமா இல்லாத மச்சங்களில் 99 சதவீதத்தில் அது தெரியவில்லை.

ஆனாலும் இது மட்டுமே தீர்ப்பு இல்லை. ரத்தக்கட்டும், மருதாணிக் கறையும், நம் நிறத் தோலின் இயல்பான திட்டும்கூடச் சில நேரம் வரப்பின் மேல் தெரியும். அதனால்தான் டாக்டர் கதை கேட்பார்: எப்போ வந்தது, எவ்வளவு வளர்ந்தது, மருதாணி வைத்தீர்களா என்று. வழக்கமான மச்ச அமைப்பு தெளிவாகத் தெரியாமல், 7 மி.மீ.க்கு மேல் பெரிதாக இருந்தால் பயாப்ஸி எடுப்பது நல்லது என்பது ஜப்பானிய மருத்துவர்கள் வகுத்த நடைமுறை.

வீட்டில் எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும்?

உடலின் மற்ற இடங்களுக்கு ஒரு பிரபலமான கணக்கு உண்டு: இரண்டு பாதியும் ஒரே மாதிரி இல்லாதது, ஓரம் கரடுமுரடாக இருப்பது, பல நிறம், 6 மி.மீ.க்கு மேல் அளவு, மாற்றம். இது காலுக்கும் உதவும். ஆனால் போதாது. காலில் வரும் மெலனோமா சில சமயம் மச்சம் மாதிரியே இருக்காது. புண் மாதிரியோ, மரு மாதிரியோ, ஆணி மாதிரியோ இருக்கும்.

அதனால் கால் மருத்துவர்கள் பாதத்துக்கென்றே ஐந்து கேள்விகள் வைத்திருக்கிறார்கள்:

1. தோலின் நிறத்திலிருந்து வேறுபட்ட நிறம் இருக்கிறதா?
2. இது இன்னதுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்லாமல் இருக்கிறார்களா?
3. ரத்தமோ நீரோ கசிகிறதா? நீண்ட நாளாகச் சதை வளர்ந்து நிற்கிறதா?
4. சிகிச்சை எடுத்தும் பெரிதாகிறதா, மோசமாகிறதா?
5. இரண்டு மாதம் ஆகியும் ஆறவில்லையா?

இந்த ஐந்தில் இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால், தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

முதல் கேள்வியில் ‘கறுப்பு’ என்று போடாமல் ‘நிறம்’ என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். எல்லா மெலனோமாவும் கறுப்பாக இருக்காது. சில வகைகளில் நிறமியே இருக்காது. இளஞ்சிவப்புச் சதை வளர்ச்சியாகத்தான் தெரியும். ‘புண்ணில் சதை வளருது’ என்று மருந்து போட்டுக்கொண்டே இருப்போம்.

சர்க்கரை நோயாளிகள் ஏன் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் புண் வந்தால், ‘சர்க்கரைப் புண், மெதுவாத்தான் ஆறும்’ என்று எல்லோருமே ஏற்றுக்கொள்கிறோம். நோயாளியும் பொறுமையாக இருப்பார், வீட்டாரும் பொறுமையாக இருப்பார்கள். உணர்ச்சி குறைந்த காலில் வலியும் தெரியாது.

சர்க்கரைப் புண் என்று நினைத்து மாதக்கணக்கில் கட்டுப்போட்டுவந்த புண், பிறகு மெலனோமா என்று தெரியவந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பல நாடுகளிலிருந்து பதிவாகியிருக்கின்றன. தொழுநோயால் உணர்ச்சி இழந்த காலில் வரும் புண்ணுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

சர்க்கரை அளவு கட்டுக்குள் இருக்கிறது, கட்டும் ஒழுங்காகப் போடுகிறார்கள், ஆனாலும் புண் ஆறவில்லை. அல்லது புண்ணின் ஓரத்தில் கறுப்பு படர்கிறது. அப்போது டாக்டரிடம் நேராகவே கேட்கலாம்: ‘சார், இதுலேர்ந்து கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணுமா?’ கேட்பதில் தப்பே இல்லை.

‘கத்தி பட்டா பரவிடும்’ என்பது உண்மையா?

இந்த பயம் கிராமம், நகரம் என்று வித்தியாசமில்லாமல் எல்லா இடத்திலும் இருக்கிறது. கேன்சர் கட்டியில் கத்தி வைத்தால் அது உடம்பு முழுக்கப் பரவிவிடும் என்று சொல்லிப் பயாப்ஸிக்கே வர மறுப்பவர்கள் உண்டு.

முறைப்படி எடுக்கும் பயாப்ஸியால் மெலனோமா பரவுவதில்லை. இந்த நம்பிக்கை எப்படி வந்தது என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முற்றிய நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், பயாப்ஸி எடுக்கிறார்கள், சில மாதங்களில் நிலைமை மோசமாகிறது. பார்ப்பவர்களுக்குக் கத்திதான் காரணம் என்று தோன்றும். உண்மையில் நோய் ஏற்கெனவே பரவியிருக்கும்.

பயாப்ஸியில் என்ன செய்வார்கள்? மரத்துப்போக ஊசி போடுவார்கள். உள்ளங்காலில் அந்த ஊசி வலிக்கும், மறைக்க வேண்டியதில்லை. பிறகு சின்னப் புள்ளியாக இருந்தால் முழுசாகவும், பெரிதாக இருந்தால் சந்தேகமான பகுதியிலிருந்து ஒரு துண்டும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். தையல் போட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிரச்னை உண்டாக்குவது வேறு கத்தி: வீட்டு பிளேடு. ஆணி என்று நினைத்துச் சீவுவது, ஆணிக்கு ஒட்டும் ஆசிட் பிளாஸ்திரியை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி ஒட்டுவது, எருக்கம்பால் வைப்பது, சேராங்கொட்டையைச் சுட்டு வைப்பது, மரு என்று சொல்லி எங்கேயாவது சுட்டுப் பொசுக்கிக்கொள்வது ஆகிய இவை எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்யும். மேலே தெரிகிற அடையாளத்தை அழித்துவிடும், உள்ளே இருப்பதை விட்டுவைக்கும். பிறகு டாக்டர் பார்க்கும்போது எது நோய், எது சுட்ட தழும்பு என்று பிரித்துப் பார்ப்பதே கஷ்டமாகிவிடும். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் வெட்டி எறிவதும் அதே தப்புதான்.

மில்லிமீட்டரில் இருக்கிறது உயிர்

மெலனோமா எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் முக்கியம். 1970-ல் அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ இதைக் காட்டினார். இன்றும் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘பிரெஸ்லோ தடிமன்’ என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள்.

1 மி.மீ.க்குள் இருக்கும்போது கண்டுபிடித்தால், சுற்றிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து அகற்றிவிடுவார்கள். பெரும்பாலானவர்கள் அந்த அறுவை சிகிச்சையிலேயே குணமாகிவிடுகிறார்கள். 2 மி.மீ.க்கு மேல் போனால் இரண்டு சென்டிமீட்டர் வரை எடுக்க வேண்டிவரும். நகத்துக்கு அடியில் ஆழமாகப் போயிருந்தால் விரலின் ஒரு பகுதியையே எடுக்க வேண்டியிருக்கலாம்.

காலிலிருந்து இந்த நோய் முதலில் போகிற இடம் பெரும்பாலும் தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்கள். காலில் புண் வந்தால் ‘நெறி கட்டும்’ என்று நமக்குத் தெரியும். சாதாரணப் புண்ணுக்குக் கட்டும் நெறி வலிக்கும்; புண் ஆறினால் அதுவும் போய்விடும். வலியே இல்லாமல், கெட்டியாக, வாரக்கணக்கில் போகாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பரவிய பிறகும் சிகிச்சை உண்டு. உடலின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்துகள் இப்போது இருக்கின்றன. ஆனால் செலவு அதிகம். வெயிலால் வரும் மெலனோமாவுக்கு அவை கேட்கும் அளவுக்கு உள்ளங்கால் மெலனோமாவுக்குக் கேட்பதில்லை. அதனால்தான் நமக்கு ஆரம்பத்திலேயே பார்ப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

உத்திரமேரூரிலிருந்து எங்கே போவது?

முதல் படி பக்கத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூர் அரசு மருத்துவமனையிலோ, அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டலாம். அங்கிருந்து தோல் மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காஞ்சிபுரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று இரண்டு பக்கமும் வழி இருக்கிறது.

புற்றுநோய் என்று உறுதியானால் சென்னைக்குத்தான் ஓட வேண்டும் என்றில்லை. அண்ணா பெயரில் 1969-ல் தொடங்கப்பட்ட அரசு புற்றுநோய் மருத்துவமனை காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில்தான் இருக்கிறது. அண்ணாவும் அந்த ஆண்டு பிப்ரவரியில் புற்றுநோயால்தான் மறைந்தார். சென்னையில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

தகுதி உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகள் வருகின்றன. எங்கே போவது, என்ன எடுத்துப்போவது என்று குழப்பமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். போகும்போது பழைய ரிப்போர்ட், போட்ட மருந்துச் சீட்டு, செல்போனில் எடுத்த பழைய போட்டோ எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.

மாதம் ஒரு முறை, ஐந்து நிமிஷம்

• காலைக் கழுவித் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். சேறும் கறையும் இருந்தால் எதுவும் தெரியாது.
• உள்ளங்கால், குதிகால், பாத ஓரம், விரல் இடுக்கு, பத்து நகங்கள் என்று வரிசையாகப் பாருங்கள். நெயில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.
• வயதானவர்களால் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது. வீட்டில் இருக்கிற மகனோ மருமகளோ பேரப் பிள்ளைகளோ பார்க்க வேண்டும்.
• புள்ளி ஏதாவது இருந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து செல்போனில் போட்டோ எடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுத்து ஒப்பிடுங்கள். நகரவில்லை, வளர்ந்திருக்கிறது என்றால் போட்டோவோடு டாக்டரிடம் போங்கள்.
• ஏற்கெனவே ரத்தம் கசிகிறது, வேகமாக வளர்கிறது, நகத்தைத் தாண்டித் தோலில் இறங்குகிறது என்றால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம். உடனே போங்கள்.
• குழந்தையிலிருந்தே இருக்கிற, மாறாத மச்சத்தைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அம்மா, அப்பாவின் உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? கால் தொட்டுக் கும்பிடும்போதுகூட மேல்பக்கத்தைத்தான் பார்த்திருப்போம். இன்றைக்கு ராத்திரி அவர்கள் கால் கழுவி வந்து உட்காரும்போது ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அநேகமாக ஒன்றுமே இருக்காது. இருந்தால், நேரத்தோடு பார்த்தவர் நீங்களாக இருப்பீர்கள்.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. காலில் சந்தேகமான புள்ளியோ புண்ணோ இருந்தால் மருத்துவரை நேரில் சந்தித்து ஆலோசனை பெறுங்கள்.)